நான்காம் அறையின் கரும்புள்ளி

உங்கள் அக்குளை நீங்கள் கடைசியாக எப்போது நல்ல வெளிச்சத்தில் பார்த்தீர்கள்? தொடையிடுக்கை? மார்பின் அடி மடிப்பை? முகத்தை ஒரு நாளைக்குப் பத்து முறை பார்க்கிறோம், ஏனென்றால் அது ஊர் பார்க்கும் இடம். துணி மூடிய இடத்தில் ஒரு பொட்டு அளவுக்குத் தோல் கறுத்துப்போனால் உங்களுக்கே தெரிய எத்தனை நாள் ஆகும்? தெரிந்த பிறகு அதை இன்னொருவரிடம் சொல்ல எத்தனை நாள் ஆகும்? ஒரகடத்தில் வேலை பார்த்த சுகப்பிரியா என்ற பெண் ஆறு நாள் சொல்லாமல் இருந்தாள். ஏழாம் நாள் சொல்வதற்கு அவள் இல்லை.

ஆனால் அந்தப் புள்ளியை மூன்றாம் நாளே பார்த்த ஒருவர் இருந்தார். அவர் பெயர் ரூத். இங்கே சொல்ல வந்தது அவரைப் பற்றி.

ரூத்துக்கு நாற்பத்தேழு வயது. படப்பைக்காரர். கணவர் அருள்நாதன் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். ரூத் பதினோரு ஆண்டுகள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஓர் ஆலையில் கைபேசி மூடிகளைச் சரிபார்க்கும் மேசையில் உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேல் வெள்ளை விளக்கு, கையில் வெள்ளை மூடி, ஒரு மூடிக்கு நான்கு விநாடி. உருகிய பிளாஸ்டிக்கில் கருகிய துணுக்கு ஒன்று கலந்துவிட்டால் மூடியில் கறுப்புப் புள்ளியாக நின்றுவிடும். கடுகில் பாதி இருந்தாலும் ரூத்தின் கண்ணுக்குத் தப்பாது. லைனில் அவரைக் கழுகு என்றுதான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் கண் எரிகிறது என்று எழுந்து போகும் நேரத்திலும் அவர் கை புள்ளி விழுந்த மூடியை எடுத்துச் சிவப்புப் பெட்டியில் போட்டுக்கொண்டிருக்கும். ஒரு நாள் ஆலையை மூடினார்கள். கழுகுக்கு வேறு வேலை தேட வேண்டியிருந்தது.

பிள்ளைப்பாக்கத்தின் ஓரத்தில், ஏரிக்கரைக்குப் பக்கமாக, தொழிலாளர் ஒப்பந்தக்காரர் ஒருவர் நடத்தும் பெண்கள் விடுதியில் வார்டனாகச் சேர்ந்தார். பத்து அறைகளில் அறுபது பெண்கள். பெரும்பாலும் தென்மாவட்டத்துப் பெண்கள். பள்ளிக்கூடமோ டிப்ளமோவோ முடித்த கையோடு காருக்கு மின்கம்பிப் பின்னல் கட்டவும் இருக்கைக்கு உறை தைக்கவும் வந்தவர்கள். அறுபது பேருக்கும் துணி காயப்போடக் கட்டியிருந்தது முன்பக்கத்தில் ஒரே ஒரு கயிறு. மொட்டைமாடிச் சாவி கட்டட உரிமையாளரிடம் இருந்தது. அவர் அதை யாருக்கும் கொடுத்ததில்லை.

கயிற்றுக்கு எதிரே ஆண்கள் தங்கும் விடுதி. அங்கிருந்து விசில் வந்தது, கேலி வந்தது. ஒரு தடவை கயிற்றில் கிடந்த உள்ளாடையைப் படம்பிடித்து யாரோ யாருக்கோ அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு ரூத் ஒரு விதி போட்டார். உள்ளாடை எதுவும் வெளியே கண்ணில் படக்கூடாது. எதிர்க்கட்டடத்துக் கண்களுக்கு விதி போட வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, அவருக்கு மேலே இருந்தவர்களுக்கும் தோன்றவில்லை.

மற்ற அறைகளின் சன்னல்கள் உள்முற்றத்தைப் பார்த்தவை. அந்தக் கம்பிகளில் காயப்போட்டுக்கொள்ளலாம். நான்காம் அறைக்கு மட்டும் சன்னல் சாலையைப் பார்த்தது. ஆனால் அதற்கு ஒரு பின்வாசல் இருந்தது. திறந்தால் நேரே வேலிகாத்தான் காடு, உண்ணிச்செடி, இடுப்பளவு புல். விடுதிச் சமையலறையின் மிச்சம் மீதியை அங்கேதான் கொட்டுவார்கள். எலிகளுக்குக் குறைவில்லை. நான்காம் அறைப் பெண்கள் உள்ளாடைகளை அந்தப் புதர்மேல் விரித்தார்கள். அதற்கு நம்ம மொட்டமாடி என்று பெயர் வைத்தவள் சுகப்பிரியா.

கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவள். இருபத்தொரு வயது. குளிக்கப் போகும்போது நெற்றியிலிருந்த கறுப்பு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அறைக் கண்ணாடியில் ஒட்டுவாள். காலையில் வேலைக்குப் போகும்போது அங்கிருந்தே எடுத்து வைத்துக்கொள்வாள். வார்டன்க்கா, கண்ணாடிக்கும் அழகு வேண்டாமா என்று கேட்டதாக ரூத் இப்போதும் சொல்கிறார்.

போன ஆண்டு நவம்பரில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த மாதம். மூன்றாம் நாள் மதியம் சூடு குறையவில்லை என்று ரூத் ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிடப் போனார். இடது மார்புக்கு அடியில், மடிப்புக்குள், ஒரு புள்ளி இருந்தது. மிளகைவிடக் கொஞ்சம் பெரியது. நடுவில் கறுத்துப் பொருக்குத் தட்டியிருந்தது, சுற்றிலும் சிவப்பு வளையம். தொட்டால் வலி இல்லை. பதினோரு ஆண்டு பழகிய கண் நான்கு விநாடியில் அதைப் பிடித்துவிட்டது. பிடித்ததை என்னவென்று படித்தது என்பதில்தான் பிழை.

"இன்னாடி இது? எவன் சுட்டான்?"

யாருமில்லை, தனக்கே தெரியவில்லை என்றாள் சுகப்பிரியா.

"சிகரெட் சூடு எனக்குத் தெரியாதா? உங்க அண்ணனுக்கு போன் போடட்டா?"

"அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிராதீங்கக்கா."

காய்ச்சலில் கிடந்த பெண் பழிச்சொல்லுக்குப் பயந்து கெஞ்சினாள். ரூத் அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டார். அன்று மாலை தனியார் கிளினிக்குக்கு அழைத்துப் போனபோது, உடம்பில் எங்காவது புண் இருக்கிறதா என்று மருத்துவர் கேட்டார். நாற்காலியிலிருந்து எழாமல், கணினியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். சுகப்பிரியா இல்லை என்றாள். பக்கத்தில் நின்ற ரூத் வாயைத் திறக்கவில்லை. ஒரு பெண்ணின் மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்று நம்பி நின்றார்.

டெங்கு சோதனை செய்தார்கள், இல்லை என்று வந்தது. காய்ச்சல் மாத்திரை கொடுத்தார்கள். ஆறாம் நாள் மூச்சு இரைக்கத் தொடங்கியதும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பயிற்சியில் இருந்த ஒரு பெண் மருத்துவர் துணியை விலக்கி உடம்பு முழுவதையும் பார்த்தார். மார்பின் மடிப்புக்கு வந்ததும் கை நின்றது. இதை யாராவது மூன்று நாள் முன்னால் பார்த்திருந்தால் மாத்திரையிலேயே சரியாகியிருக்கும் என்று, யாரையும் குறை சொல்லாத குரலில் சொன்னார். ரூத் கட்டிலின் காலருகே நின்றிருந்தார். மறுநாள் விடிந்ததும் சுகப்பிரியா போய்விட்டாள்.

அவள் அண்ணன் நம்பிராஜன் விலங்கியலில் முதுகலை படித்தவர். படித்தவருக்கு ஒரகடம் கொடுத்த வேலை, ஒரு ஆலையின் தரப்பிரிவில் உருக்குத் துண்டுகளை உருப்பெருக்கியில் வைத்து வெடிப்புத் தேடுவது. தங்கையின் பெட்டியை எடுத்துப்போக வந்தவர் ரூத்திடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"முன்னாடியே நீங்க ஒண்ணும் பாக்கலையாக்கா?"

"இல்லப்பா."

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு ரூத்தின் கண்ணுக்குக் கறுப்புப் புள்ளிகள் ஓயவில்லை. ரசத்தில் மிதக்கும் கடுகு, தோசையில் கருகிய இடம், ஜெபப் புத்தகத்தின் விளிம்பில் எறும்பு. ஆலையில் புள்ளி இருந்தால் மூடியைப் பெட்டியில் போட்டுவிடலாம். இங்கே போடப் பெட்டி இல்லை.

நான்காம் அறையில் வேறொன்று வளர்ந்தது. ரூத் கேட்ட கேள்வி பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவள் காதில் விழுந்திருந்தது. அது அறை அறையாகப் போய்க் கதையாகிவிட்டது. சுகப்பிரியாவுக்கு ஒருவன் இருந்தானாம், அவன் சிகரெட்டால் சுட்டானாம், அந்த ஏக்கத்தில் செத்தாளாம். ஜனவரியில் அதே அறையில் இன்னொரு பெண்ணுக்குக் காய்ச்சல் வந்து, இடுப்பில் அதே மாதிரிக் கறுப்பு வடு. அவள் ஊருக்குப் போய்ப் பிழைத்துக்கொண்டாள், திரும்பி வரவில்லை. அவ்வளவுதான், பேய் முழுதாக உருவெடுத்துவிட்டது. செத்தவள் தான் பட்ட சூட்டை மற்றவர்களுக்கு வைக்கிறாள் என்றார்கள். கண்ணாடியில் ஒட்டியிருந்த கறுப்புப் பொட்டைப் பிய்த்துப் போட்டாலும் மறுபடி வருகிறது என்றார்கள். அறுபது பெண்கள் பொட்டு வைக்கும் கட்டடத்தில் கண்ணாடியில் பொட்டு வராமல் வேறென்ன வரும்? யாரும் அப்படிக் கேட்கவில்லை. ரூத்தும் கேட்கவில்லை. அந்தப் பொட்டைக் கையால் தொடவே அவருக்கு முடியவில்லை.

விடுதி மேலாளர் வெங்கடேசன் பூசாரி ஒருவரை அழைத்துவந்து பூசணிக்காய் உடைத்தார். ரூத் தன் சபைப் போதகரை அழைத்துவந்து ஜெபம் செய்யவைத்தார். பூசாரி வந்தார், போதகர் வந்தார். புதர் வெட்ட ஒரு ஆள் வரவில்லை.

மருத்துவமனைச் சீட்டில் எழுதியிருந்த நோயைப் பற்றித் தேடிப் படித்துவிட்டு, பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நம்பிராஜன் மறுபடி வந்தார். கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்பு பிளாஸ்டிக் தகடு, ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி. தங்கை எங்கே துணி காயப்போடுவாள் என்று கேட்டார். ரூத் பின்வாசலைத் திறந்துவிட்டார். நம்பிராஜன் தகட்டைப் புதரின் அடியில் புல்மேல் சாய்த்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். சில நிமிடங்கள் கழித்துத் தகட்டை எடுத்தபோது அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ரூத்துக்குத் தெரிந்தது. கறுப்புத் தகட்டில் செம்மஞ்சளாக ஏழு புள்ளிகள், ஊர்ந்துகொண்டிருந்தன. ஊசிமுனை அளவு. கழுகுக் கண் எண்ணிச் சொன்னது.

கண்ணாடி வழியே ரூத் பார்த்தார். ஆறு கால்கள். முன்னால், வாய் இருக்க வேண்டிய இடத்தில், கொடுக்குப்போல் இரண்டு துணைக்கால்கள். அவற்றுக்கு நடுவே ஏதோ கூர்மையாக இருந்தது. இத்தனூண்டு பூச்சி எதனால் கடிக்கும், பல் உண்டா என்று கேட்டார்.

நம்பிராஜனுக்குள் இருந்த மாணவர், பல ஆண்டு கழித்து, வாயைத் திறந்தார். பூச்சிகளின் வாய் என்பது ஒரே சாமான் இல்லை என்றார். கரப்பானுக்கு அது பக்கவாட்டில் அசையும் இரண்டு தாடை, அரைத்துத் தின்னும். ஈக்கு அது பஞ்சு, ஒற்றி எடுக்கும். கொசுவுக்கு ஒரு உறைக்குள் ஆறு ஊசிகள். தோலைக் கிழிக்க இரண்டு, கிழித்ததை விரித்துப் பிடிக்க இரண்டு, எச்சில் விட ஒன்று, இரத்தம் உறிஞ்ச ஒன்று. நாய் உண்ணிக்கு முள்முள்ளாகப் பின்னோக்கி வளைந்த ஒரு ஈட்டி, உள்ளே போனால் இழுத்தாலும் வராது. இதுவோ, செம்பூச்சிக் குஞ்சு. உண்ணிக்குச் சொந்தக்காரன். கத்திமாதிரி இரண்டு உறுப்பு மட்டும்தான். அதுவும் ஆழமாகப் போகும் நீளம் இல்லை, மேல்தோலைக் கீறும். அதனால் துணி இறுக்கிப் பிடிக்கும் மடிப்பாகத் தேடிப் போகும்.

"அப்போ எப்படிப்பா உறிஞ்சும்? நீளமே பத்தாதே?"

"எச்சில உள்ள விடும்க்கா. அது பட்ட இடத்துல சதை கரையும், சுத்தி இருக்குறது இறுகிக் குழாயாயிரும். நம்ம சதையிலேயே குழா கெட்டி நம்மளையே குடிக்கும். குடிச்சு முடிச்சா பூச்சி விழுந்துரும். குழா உள்ளேயே நிக்கும்."

இரத்தம்கூட அல்ல, கரைந்த சதைநீர்தான் அதற்கு உணவு. அதன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை இப்படிக் குடிக்கும். வளர்ந்தபின் மண்ணில் பூச்சி முட்டைகளைத் தின்றுகொண்டு யாருக்கும் தொந்தரவு இல்லாமல் கிடக்கும். ஆனால் அந்த ஒரு தடவையில், தாய்ப்பூச்சியிடமிருந்து முட்டை வழியாக வந்த ஒரு கிருமி அந்த எச்சிலோடு நமக்குள் இறங்கினால் ஸ்க்ரப் டைபஸ். கடித்த இடம் கருகும். சிகரெட் சுட்டதுபோலவே இருக்கும் என்று பாடப்புத்தகத்திலேயே எழுதியிருக்கிறார்கள் என்றார் நம்பிராஜன்.

ரூத் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தார். பூச்சி விழுந்துவிடும், குழாய் நிற்கும். மூன்றாம் நாளே புள்ளியைப் பார்த்ததை அப்போதாவது அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. புதரில் துணி போட்டது தன் விதியால்தான் என்பதும் அந்த நிமிடம் அவருக்கு விளங்கியது. அதையும் சொல்லவில்லை.

நம்பிராஜன் ஒரு அறிவிப்பு எழுதி, படம் வரைந்து, சாப்பாட்டுக் கூடத்தில் ஒட்டினார். விடுதியின் பெயர் கெட்டுவிடும் என்று வெங்கடேசன் கிழித்தார். புதர் இருந்த நிலம் வேறொருவருடையது, வெட்ட முடியாது என்றார். ரூத் தன் விதியை எடுத்துவிட்டதாக அறிவித்தார், ஏன் என்று சொல்லவில்லை. எதிர்க்கட்டடமும் விசிலும் அப்படியே இருந்தன. காரணம் தெரியாத பெண்கள் பழையபடி புதருக்கே போனார்கள்.

இந்த டிசம்பரில் அன்னக்கிளிக்குக் காய்ச்சல் வந்தது. சாத்தான்குளத்துப் பெண், பத்தொன்பது வயது, நான்காம் அறைக்கு வந்து இரண்டு மாதம். அன்னக்கிளி என்று பெயர் வைத்துவிட்டு காக்கா மாதிரிக் கத்துகிறாள் என்று மற்றவர்கள் கேலி செய்யும் அளவுக்குச் சத்தமானவள். இரண்டாம் நாளே சத்தம் நின்றுவிட்டது. ரூத் போய் நின்றார். கண் சிவந்திருந்தது, தலைவலியில் புருவம் சுருங்கியிருந்தது. உடம்பைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதும் அன்னக்கிளி போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

"ஒண்ணும் இல்லக்கா."

"இருந்தா சொல்லு கண்ணு."

"நான் அப்படிப்பட்டவ இல்லக்கா. சும்மா இருக்கியளா?"

 ஒரு புள்ளி இருக்கிறது என்பது அந்த மறுப்பிலேயே தெரிந்தது. காட்டினால் இரண்டில் ஒன்று: ஒழுக்கம் கெட்டவள், அல்லது செத்தவள் தொட்டவள். இரண்டு கதையும் பிறந்தது தன் வாயில்தான் என்று ரூத்துக்குத் தெரியும். அந்த வாயே அவற்றைக் கொல்லாமல் இந்தப் போர்வை விலகாது. அறையில் இன்னும் மூன்று பெண்கள் இருந்தார்கள். ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மதிய வெயில் சாலைப்பக்கச் சன்னல் வழியாகக் கண்ணாடியில் விழுந்திருந்தது. அதில் கறுப்புப் பொட்டு ஒன்று.

ரூத் கட்டிலில் உட்கார்ந்தார்.

"சுகப்பிரியாவுக்கு எவனும் இல்ல. புதர்ல காயப்போட்ட துணில பூச்சி ஏறிக் கடிச்சிது. அவ்ளோதான். எவன் சுட்டான்னு கேட்டது நான். கேட்ட அப்புறம் அவ வாயே தொறக்கல. டாக்டர் கேட்டாரு, அவ இல்லன்னா. நான் பாத்துகினுதான் நின்னேன், நானும் சொல்லல. நான் கேக்காம இருந்திருந்தா அந்தப் பொண்ணு இன்னைக்கு உயிரோட இருந்திருக்கும்."

தலை வாரிக்கொண்டிருந்தவள் சீப்போடு நின்றுவிட்டாள். யாரும் ரூத்தைப் பார்க்கவில்லை. கம்பெனி பஸ் வாசலில் வந்து ஹாரன் அடித்தது, ஒருத்தியும் நகரவில்லை.

அன்னக்கிளி சொன்னாள்: "கதவச் சாத்துங்கக்கா."

வலது தொடையிடுக்கில் இருந்தது. நடுவில் கறுப்பு, சுற்றிலும் சிவப்பு.

ஷேர் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு ரூத் சுகாதார நிலையத்துக்குப் போனார். மருத்துவர் வைரஸ் காய்ச்சல் என்று எழுதத் தொடங்கியதும் ரூத் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, எழுதுவதற்கு முன்னால் பார்க்கச் சொன்னார். நீங்கள் நர்ஸா என்று கேட்டார் மருத்துவர்.

"இல்ல சார். கறுப்புப் புள்ளி பாக்கறது என் வேல. பதினோரு வருசம் பாத்தேன். ஒண்ணுதான் தப்பா பாத்துட்டேன்."

மருத்துவர் எழுந்தார். திரைக்குப் பின்னால் செவிலியரோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தார். எழுதியிருந்ததை அடித்துவிட்டு வேறு மாத்திரை எழுதினார். அந்த மாத்திரை எல்லாச் சுகாதார நிலையத்திலும் கிடைப்பது. மூன்றாம் நாள் காலை அன்னக்கிளிக்குக் காய்ச்சல் இறங்கியது. நான்காம் நாள் சாம்பாரில் உப்பில்லை என்று கத்தினாள்.

அன்று ரூத் நம்பிராஜனுக்குப் போன் செய்தார். முன்னால் இல்லை என்று சொன்னது பொய் என்றார். கேட்ட கேள்வியையும், கிளினிக்கில் வாயடைத்து நின்றதையும், அண்ணனிடம் சொல்லாதீர்கள் என்று சுகப்பிரியா கெஞ்சியதையும் ஒன்று விடாமல் சொன்னார். இயந்திரச் சத்தத்துக்கு நடுவிலிருந்து நம்பிராஜன் கேட்டார்.

"என்னைக்குப் பாத்திய?"

"மூணாம் நாளுப்பா."

"மூணாம் நாளுன்னா பொழச்சிருப்பா."

போன் அணைந்தது. அதன் பிறகு அவர் ரூத்தோடு பேசவில்லை. மன்னித்தார் என்றோ மன்னிக்கவில்லை என்றோ சொல்ல யாரிடமும் ஆதாரம் இல்லை. பத்து நாள் கழித்து, விடுதி முகவரிக்கு ஒரு கட்டு அறிவிப்புத் தாள் வந்தது. பழைய அறிவிப்பேதான், பூச்சி வாயின் அதே படம். அடியில் மட்டும் ஒரு வரி புதிதாக இருந்தது.

ரூத் அதைப் பத்து அறைகளிலும் ஒட்டிவிட்டார். நான்காம் அறையில் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டினார். இனியும் கிழித்தால், இரண்டு பெண்களின் காய்ச்சலையும் ஒரு சாவையும் எழுதி மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புவேன் என்று வெங்கடேசனிடம் சொல்லியிருக்கிறார். பின்வாசலைப் பூட்டிவிட்டு உள்முற்றத்தில் நான்கு கயிறுகளைத் தன் கையாலேயே கட்டினார். மொட்டைமாடிச் சாவி இன்னும் வரவில்லை. புதர் இன்னும் வெட்டப்படவில்லை. வேலை எத்தனை நாளைக்கு இருக்கும் என்று அவருக்கே தெரியாது. கண்ணாடியில் பொட்டு இருக்கிறது. அதை இன்றும் அவர் தொடுவதில்லை. பேய் இல்லை என்பது அவருக்கு இப்போது நன்றாகத் தெரியும். தெரிந்தும், மதிய வெயில் அந்தக் கண்ணாடியில் விழும்போது அவர் அந்த அறைக்குள் போவதில்லை.

இதைப் படிக்கிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான். மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில் உங்கள் வீட்டிலோ விடுதியிலோ லைனிலோ யாருக்காவது காய்ச்சல் என்றால், வெளிச்சத்தில் வைத்து உடம்பு முழுவதையும் பாருங்கள். அக்குள், மார்பு மடிப்பு, இடுப்பு, தொடையிடுக்கு, முழங்காலின் பின்பக்கம் எதையும் விடாதீர்கள். கறுத்த பொருக்கு இருந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் அன்றைக்கே காட்டுங்கள். நம்பிராஜன் அந்தத் தாளின் அடியில் சேர்த்த வரியையும் மறக்காதீர்கள்: காட்டுகிற பெண்ணிடம், யார் செய்தது என்று கேட்காதீர்கள்.